சூளைக்குப் போன டேங்க்

காலை ஐந்தரைக்கு எழுகிறேன். தண்ணீர் மோட்டாரைப் போடுகிறேன். தொட்டி வழியும் சத்தம் கேட்கும்வரை பல் தேய்க்கிறேன். பால் பாக்கெட்டை வெட்டிக் காய்ச்சுகிறேன். காபி. மாவு கடையில் வாங்கியது; மூன்று நாள் இட்லி, நான்காம் நாள் புளித்துவிடும், தோசை. சட்டை தேய்க்கிறேன். ஏழே முக்காலுக்குக் கதவைப் பூட்டுகிறேன். எட்டு பத்துக்குத் திட்டக்குடி பஸ். பெண்ணாடம் தாண்டி ஒரு தனியார் கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். மனைவி இறந்தால் அங்கே ஐந்து நாள் விடுப்பு உண்டு. ஆறாம் நாள் முதலாம் பானிபட் போர்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று இருக்கிறது. அது பாரதியின் இடம். பாரதி என் மனைவி. மோட்டார் சைக்கிள் செய்பவள். ரிப்பேர் பார்ப்பவள் அல்ல. இதைச் சொல்லித் திருத்துவதிலேயே எங்கள் ஆறு வருடக் கல்யாணத்தில் பாதி போனது.

வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்.

"அண்ணன் இல்லீங்களா?"

கையில் கிரீஸோடு பாரதி என்னைக் காட்டுவாள். "தோ இருக்காரு. பானிபட் பத்திக் கேக்கணும்னா அவருகிட்ட கேளுங்க. வண்டி பத்தின்னா இப்புடி வாங்க."

எனக்குக் கியர் வண்டி ஓட்ட வராது. இரண்டு முறை கற்றுக் கொடுத்தாள். மூன்றாம் முறை, "நீங்க பஸ்ஸுலயே போங்க. ஊருக்கு நல்லது" என்று விட்டுவிட்டாள்.

அவள் படித்தது செராமிக் டிப்ளமா. விருத்தாசலத்தில் அது ஒன்றும் அதிசயமில்லை. தெருவுக்கு இருவர் படித்திருப்பார்கள். படித்து முடித்ததும் செராமிக் எஸ்டேட்டில் தேவநாதன் என்பவரின் கம்பெனியில் சூளைக்குப் பொறுப்பாளராகச் சேர்ந்தாள். வீட்டுச் சுவரில் கரண்ட் போனால் பிடுங்கிச் சொருகுவோமே, அந்த ஃப்யூஸ் கட்டை செய்கிற கம்பெனி. சூளைக்குள் போகும் தள்ளுவண்டியின் சக்கரம் வாரம் ஒருமுறை சிக்கும். வெல்டர் வர இரண்டு நாள் ஆகும். மூன்றாவது முறை அவளே வெல்டிங் பிடித்தாள். நான்காவது முறை சக்கரம் சிக்கவில்லை. வேலையில்லாமல் போன வெல்டிங் ராடு கையை அரித்ததால், தேவநாதன் துணி காயப்போட வைத்திருந்த பழைய புல்லட் மேல் கை வைத்தாள்.

தேவநாதன் அந்த வண்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போனார். யாரும் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை என்று பெண்வீட்டார் கோபித்துக்கொண்டார்கள். மறு வாரம் இரண்டு பேர் வந்து விசாரித்தார்கள். அடுத்த மாதம் அவள் வேலையை விட்டாள்.

மொத்தம் ஒன்பது வண்டிகள். ஒன்றை ஒரு சப்-இன்ஸ்பெக்டர் பிடித்து ஸ்டேஷனில் நிறுத்தினார். பதிவுச் சான்றில் இருக்கும் வண்டி இதுவல்ல என்றார். பாரதி போய், ஒவ்வொரு மாற்றத்துக்கும் வாங்கி வைத்திருந்த அனுமதித் தாளை மேஜையில் வரிசையாக அடுக்கினாள். பதினொரு தாள். அவர் எல்லாவற்றையும் படித்துவிட்டு, "என் மச்சானுக்கு ஒண்ணு செய்ய முடியுங்களா?" என்றார். அந்த மச்சானுடையதுதான் ஐந்தாவது வண்டி.

மற்ற ஊர்களில் இந்த வேலை செய்கிறவர்கள் கம்ப்யூட்டரில் வரைகிறார்களாம். பாரதி களிமண்ணில் செய்தாள். வெறும் ஃப்ரேமை ஸ்டாண்டில் நிறுத்தி, அதன்மேல் ஃப்யூஸ் கட்டை மண்ணாலேயே முழு அளவில் ஒரு பெட்ரோல் டேங்க் வனைவாள். உள்ளே கூடாக இருக்கும். வண்டிக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஃப்ரேம் மேல் உட்கார்ந்து, ஈர மண்ணை இரண்டு முழங்காலாலும் பிடிக்க வேண்டும். பத்து நிமிடம் ஆடக் கூடாது. மண்ணில் முழங்கால் பதியும். அந்தப் பள்ளத்தை வைத்துத்தான் மற்ற வளைவெல்லாம். பிறகு மண் காயாமல் ஈரச் சாக்குப் போட்டு மூடி, அட்டையில் அளவெடுத்து, தகடு வெட்டித் தட்டி, உண்மையான டேங்கைச் செய்வாள். வேலை முடிந்ததும் மண் டேங்கை உடைத்து வாளியில் போட்டு ஊறவைப்பாள். அடுத்த ஆளுக்கு அதே மண். ஒன்பது பேரின் முழங்காலையும் ஒரே மண்தான் பார்த்தது.

ஒரு கட்சியின் ஒன்றியச் செயலாளர் உட்கார்ந்தபோது மண் இரண்டு முறை சப்பையாகிவிட்டது. "ஒங்களுக்கு டேங்க் வேணாங்க. நடுவுல ஒரு தண்ணி பாட்டிலு சொருகிக்கலாம்" என்றாள். அவர் சிரித்தார். கூட வந்தவர்கள் அவர் சிரித்த பிறகு சிரித்தார்கள்.

பத்தாவது வண்டி ரவூபுடையது. மங்கலம்பேட்டைக்காரர். குவைத்தில் ஏசி மெக்கானிக். இரண்டு மாத லீவில் அக்டோபரில் வந்தார். வண்டி அவருடைய அப்பாவின் பழைய யெஸ்டி. வாப்பா அதன் பின்னால் சேலை மூட்டை கட்டிக்கொண்டு நல்லூர்ப் பக்கம் ஊர் ஊராகப் போய் விற்றவர். மூன்று வருடங்களுக்கு முன் இறந்துபோனார். "வாப்பா ஓட்டுன ஃப்ரேம் அப்புடியே இருக்கணும்க்கா. மேல என்ன வேணா செய்யுங்க" என்றார் ரவூப். உட்கார்ந்தார். முழங்கால் பதிந்தது.

பத்து நாள் கழித்து பாரதிக்குக் காய்ச்சல். டெங்கு. நான்கு நாளில் முடிந்துவிட்டது. முப்பத்தோரு வயது. கல்லூரியில் எல்லோரும் அவள் வண்டியில் விழுந்துதான் இறந்தாள் என்று நினைத்தார்கள். கொசு என்றதும் ஏமாற்றமாகப் பார்த்தார்கள்.

பதினோராம் நாள் என் பெரியம்மா ஒரு பெண்ணின் போட்டோவோடு வந்தார். கைப்பையிலிருந்து பாதி எடுத்துவிட்டார்.

"மூணு வருசம் பொறுக்கச் சொன்னா பெரிம்மா" என்றேன்.

"யாரு?"

"பாரதிதான். கடைசியா."

பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு போட்டோவை உள்ளே வைத்தார். அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். செத்தவர் கடைசியாகச் சொன்னதை இந்த ஊரில் யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை. கோர்ட் ஆர்டருக்குக்கூட மேல்முறையீடு உண்டு.

பதினேழாம் நாள் நீலாவதி வந்தாள். நாற்பத்தைந்து வயது. தேவநாதன் கம்பெனியில் பதினாறு வருடம் ஈரப் பொருளுக்கு விளிம்பு திருத்தியவள். நான்கு வருடமாகப் பாரதியோடு. தகடு தட்டுவதும் பெயின்ட்டும் அவள் வேலை.

"சார், ரவூபுக்கு அடுத்த மாசம் இருவதாந் தேதி பிளைட்டு. அதுக்குள்ள டேங்க முடிச்சுடறேன். இன்னிக்கி அளவெடுத்துட்டு மண்ண வாளியில போட்டுடறேன்."

சாக்கை எடுத்தாள். நான் எட்டிப் பார்த்தேன். டேங்கின் அடிப்பக்கம் திறந்திருந்தது. உள்ளே முழுக்கப் பாரதியின் விரல். வெளிப்பக்கத்தை வழித்து வழவழப்பாக்கியிருந்தாள். உள்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று அப்படியே விட்டிருந்தாள். பத்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தது. அவளுடையதென்று வீட்டில் இருந்த மற்றதெல்லாம் கடையில் வாங்கியது.

"வாளியில போட வேணாம்" என்றேன். "சூளையில வைக்கச் சொன்னா."

நீலாவதி என்னைப் பார்த்தாள். "சூளையிலயா? சுருங்கிடுமே சார்."

"தெரியும்."

அது பொய்யில்லை. சுட்டால் மண் சுருங்கும் என்பது விருத்தாசலத்தில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும், பானிபட் எங்கே இருக்கிறது என்று தெரிவது போல.

"எப்போ சொன்னா?"

"கடைசியா."

நீலாவதி சாக்கை மடித்து ஓரமாக வைத்தாள்.

ஒரு வாரம் நிழலில் காயவைத்து, மெத்தை விரித்த லோடு ஆட்டோவில் கொண்டுபோனோம். தேவநாதன் சுற்றி வந்து பார்த்தார். "என்னத்துக்குப்பா இது?" என்றார். நீலாவதி சொன்னாள். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். ஃப்யூஸ் கட்டைகளுக்கு நடுவில் இடம் ஒதுக்கினார்.

மூன்று நாள் கழித்து டேங்க் வந்தது. வெள்ளை வெளேரென்று. சுண்டினால் கோப்பை போலச் சத்தம். இருபத்து நான்கு அங்குலம் போனது, இருபத்தோரு அங்குலம் வந்தது. ஃப்ரேமின் மேல் வைத்தால் முன்னாலும் பின்னாலும் இடம் கிடந்தது. பெரிய ஆள் தலையில் குழந்தைக் குல்லா. ரவூபின் முழங்கால் பள்ளங்களும் சுருங்கியிருந்தன. ஒன்பதாம் வகுப்புப் பையன் முழங்கால்.

நான் அதை வீட்டுக்குள் எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் நீலாவதியும் ரவூபும் அதைச் சுற்றி நின்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"கணக்குப் போடாம அவ எதையும் சொல்ல மாட்டா" என்றாள் நீலாவதி.

"அக்கா மனசுல வேற டிசைன் வந்துருக்குது" என்றார் ரவூப்.

"எட்டுல ஒரு பங்கு சுருங்கும்னு அவளுக்குத் தெரியும். எனக்கே தெரியும். அப்ப இந்த அளவுதான் அவளுக்கு வேணும்."

"இதுலயே பெட்ரோல் ஊத்திக்கவா?"

"ஊத்து. மொத ஸ்பீட் பிரேக்கர்ல டீ கிளாசாட்டம் ஒடையும். கீழ இஞ்சின் சூடா இருக்குது. அப்புறம் ஒன்னையும் சூளையிலதான் தேடணும்."

பாரதியின் நோட்டைத் தேடி எடுத்தார்கள். அதில் ஒரு பக்கத்தில் பென்சிலில் ஒரு கோடு சரிந்து, வளைந்து, கீழே இறங்கியது. பக்கத்தில் 21 என்று எழுதியிருந்தாள்.

"தோ!" என்றாள் நீலாவதி. கையைத் தடவிக்கொண்டாள்.

அது எங்கள் சமையலறை சிங்க்கின் கழிவுக் குழாய். ஒழுகுகிறது என்று நான் தினமும் சொன்னதற்காக அளவெடுத்தாள். இருபத்தோரு அங்குலம். நான் வாயைத் திறக்கவில்லை.

அந்தக் கோட்டிலிருந்து அவர்கள் ஒரு வண்டியை உண்டாக்கினார்கள். டேங்க் சின்னது, எனவே ஃப்ரேமின் மேல்குழாய் நீளம். எனவே மேல்குழாயை மூன்று அங்குலம் வெட்டி எடுத்து, சிங்க் குழாயைப் போலச் சரித்து, திரும்பப் பற்றவைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வெட்டுவது என்று முடிவானது. ரவூப் ஒரு நாள் யோசித்தார். மறுநாள் வந்து, "வாப்பா ஃப்ரேம்தான். ஆனா அக்காவோட கடைசி வார்த்தையாச்சே. வெட்டுங்க" என்றார்.

அப்போதும் நான் சொல்லவில்லை. சொன்னால் எதற்குச் சூளைக்கு அனுப்பினேன் என்றும் சொல்ல வேண்டும். வெட்டிவிட்டால் அது வாப்பா ஓட்டிய ஃப்ரேம் இல்லை. திரும்ப ஒட்டினாலும் இல்லை. இது எனக்குத் தெரிந்தே இருந்தது. அந்த வாரம் வகுப்பில் பானிபட் முடிந்து அக்பர் வந்துவிட்டார். மாணவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

ஞாயிறு காலை பத்து மணி. மேல்குழாயில் நீலாவதி சாக்பீஸால் இரண்டு கோடு போட்டாள். கண்ணாடி மாட்டிக்கொண்டாள். ரவூப் ஃப்ரேமின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிடிக்கத் தேவையில்லை, அது ஸ்டாண்டில் இறுக்கித்தான் இருந்தது. மாடு அறுக்கும்போது பிடிப்பது போலப் பிடித்திருந்தார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். உதடு அசைந்தது.

நீலாவதி கட்டிங் மெஷினை ஓடவிட்டாள். நான் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன்.

சக்கரம் கொஞ்ச நேரம் சும்மா சுற்றி நின்றது.

"கரண்டு பூட்டுதா?" என்றாள் நீலாவதி.

"அவ சொல்லல" என்றேன்.

"என்னது?"

"சூளையில வைக்கச் சொல்லல. நாந்தான் சொன்னேன். அந்தக் கோடு எங்க வூட்டு சிங்க் பைப்பு."

ரவூப் ஃப்ரேமிலிருந்து கையை எடுக்கவில்லை. நீலாவதி கண்ணாடியைக் கழற்றினாள்.

"சார்" என்றாள். "பதினாறு வருசம் மண்ணுலயே கெடந்தவ நானு. சுருங்கும்னு சொன்னேன். தெரியும்னீங்க. பத்து நாளா இந்தாளோட அப்பன் வண்டியப் போட்டுக் கோடு கிழிச்சிட்டிருக்கேன். ராத்திரில்லாம் படுத்துக்கிட்டு அவ என்னா நெனச்சிருப்பா, என்னா நெனச்சிருப்பான்னு மண்டைய ஒடச்சிக்கிறேன். சிங்க் பைப்பா?"

"ஆமா."

"படிச்சவங்கன்னு பேரு. எதுக்கு அப்புடிச் சொன்னீங்க?"

"உள்ள அவ விரலு இருந்துது."

நீலாவதி வெள்ளை டேங்கைத் தூக்கிக் கவிழ்த்தாள். உள்ளே கையை விட்டாள். விரல்களைப் பள்ளங்களில் வைத்துப் பார்த்தாள். வைத்தபடியே நின்றாள்.

"இதுவும்தான் சுருங்கிருக்குது" என்றாள். "சின்னப் புள்ள விரலாட்டம்."

பிறகு டேங்கை என் கையில் கொடுத்தாள். "வூட்டுக்குள்ள கொண்டு போங்க. இங்க வெச்சா எவனாவது இடிச்சிடுவான்."

நான் திரும்பி வந்தபோது அவள் மொபெட்டைக் கிளப்பிக்கொண்டிருந்தாள். "தேவநாதன் அண்ணங்கிட்ட பதமா மண்ணு இருக்கும். ஒரு மூட்டை எடுத்தாரேன். ரவூபு, போயிடாத. லுங்கி இருக்குதா?"

"பேண்ட்டுதான் போட்டுருக்கேன்க்கா."

"சாருகிட்ட வாங்கிக் கட்டிக்க. அவரால இந்த ஒதவியாவது ஆவட்டும்."

ரவூப் என்னிடம் லுங்கியை வாங்கிக்கொண்டார். வெளியே வந்ததும் குனிந்து, மேல்குழாயிலிருந்த சாக்பீஸ் கோடுகளைத் கழற்றிய பேண்ட்டாலேயே துடைத்தார். கோடு போன பிறகும் துடைத்தார்.

மண் வந்தது. நீலாவதி மூன்று மணி நேரம் வனைந்தாள். பாரதி இரண்டு மணி நேரத்தில் முடிப்பாள். டேங்கின் மூக்குப் பக்கம் கொஞ்சம் தடிமனாக வந்திருந்தது. நான் பார்ப்பதை அவள் பார்த்தாள்.

"அவ அளவு எனக்கு வராது சார். என் அளவுதான் வரும்" என்றாள். ரவூபிடம், "ஒனக்குச் சம்மதமா? இப்பவே சொல்லிடு."

"ஃப்ரேம் முழுசா இருக்குதுல்ல? போதும்க்கா."

"அப்ப ஏறு."

ரவூப் என் கட்டம்போட்ட லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். முழங்காலால் மண்ணைப் பிடித்தார். நீலாவதி போனில் பத்து நிமிட அலாரம் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள்.

நானும் அவரும் மட்டும் இருந்தோம். அவர் ஆட முடியாது. நான் போக முடியாது; அவர் ஆடுகிறாரா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள்.

அவர் நேராகப் பார்த்தபடி கேட்டார்.

"சார், எங்க வாப்பா சவுதியில தம்மாமுல ஒறவுக்காரங்க வூட்டுக்குப் போன எடத்துல மவுத்தானாரு. என்ன சொன்னாருன்னு யாருக்கும் தெரியல. பக்கத்துல யாரும் இல்ல. நீங்க பக்கத்துலதான இருந்தீங்க?"

"ஆமா."

"அப்ப அக்கா உண்மையிலயே என்னதான் சொன்னாங்க?"

சொன்னேன். இதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் இப்படிக் கேட்கவும் இல்லை. நான் முந்திக்கொண்டு வேறு ஏதாவது சொல்லிவிடுவேன்.

புதுச்சேரிக்குப் போகிற ஆம்புலன்ஸ். பண்ருட்டி தாண்டியிருந்தோம். அவள் இரண்டு மணி நேரமாகக் கண்ணைத் திறக்கவில்லை. அந்த இடத்தில் திறந்தாள். உதட்டை அசைத்தாள். ஏதோ முக்கியமாகச் சொல்லப் போகிறாள் என்று குனிந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து, படுக்கைக்குக் கீழே எதையோ கவனித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் எரிச்சல் இருந்தது. சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். மறுநாள் மதியம்வரை உயிர் இருந்தது, பேச்சில்லை. டிரைவருக்கும் எங்களுக்கும் நடுவில் சின்ன ஜன்னல் ஒன்று இருந்தது. தட்டியிருந்தால் கேட்டிருப்பார். அவள் சொன்னது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் தட்டவில்லை.

"மூணாவது கியர்லயே இஞ்சின அலற வுடுறாரு பாருங்க. நாலாவது போடச் சொல்லுங்க."